ஒரு நாயும் மூன்று டியூப் சொறிப் பூச்சியும்

மூன்று வருடம் நான் அடுத்தவர் சொறியைச் சுரண்டிச் சம்பளம் வாங்கினேன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்திடமும் இதே வாக்கியத்தை இதே குரலில்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை. "வேல இன்னான்னு கேட்டா லேப்ல வேலன்னு சொல்லிட்டு வாய மூடிகினு இருக்க மாட்டியா?" என்று அம்மா இரண்டு நாள் கத்தினாள். மூன்றாம் நாள் மீன் மார்க்கெட்டில் யாரோ விசாரித்தபோது, "எம் பொண்ணு பூச்சி ஆராய்ச்சி பண்றா, சொம்மா நெனச்சுக்காத" என்று பீற்றிக்கொண்டாளாம். அம்மா அப்படித்தான்.

வேலை இதுதான். சொறிப் பூச்சி என்று ஒரு ஜீவன். கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் கால், கழுத்து கிடையாது, வெட்கமும் கிடையாது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி, அதற்குள்ளேயே தின்று, அதற்குள்ளேயே வெளிக்குப் போய், அதற்குள்ளேயே முட்டையிட்டுக் குடித்தனம் நடத்தும். மனிதன் மேல் இருக்கிறது, நாய் மேல் இருக்கிறது, பன்றி, ஆடு எதையும் விட்டுவைப்பதில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மூஞ்சி. முன்காலத்துப் படிப்பாளிகள் என்ன செய்தார்கள் என்றால், நாய் மேல் பிடித்ததை நாய்ப் பூச்சி என்றும் மனிதன் மேல் பிடித்ததை மனிதப் பூச்சி என்றும் விலாசத்தை வைத்தே பெயர் போட்டுவிட்டார்கள். ராயபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவரெல்லாம் ராயபுரத்துக்காரர் என்று சொன்னால் எப்படி? மணலிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்பவரும் இருப்பார் இல்லையா?

அந்த வழக்கைத்தான் எங்கள் லேப் மேடம் தீர்த்துவைக்கப் பார்த்தார். பூச்சியை நசுக்கி, மரபணுவைப் பிரித்தெடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று கிளை பிரிப்பது. நாய்ப் பூச்சியும் மனிதப் பூச்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா, பங்காளிகளா, பேச்சுவார்த்தையே இல்லாதவர்களா? அது தெரிந்தால், ஒரு தெருவில் சொறி வரும்போது யார் யாருக்கு மருந்து கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும். மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். ஊர் ஊராகப் போய், ஊசி முனையால் பூச்சியைக் கிளறி எடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய சின்ன டியூபில் போட்டு, நம்பர் ஒட்டுவது என் வேலை.

போன இடத்திலெல்லாம் ஒன்று கவனித்தேன். சொறி எங்கேயும் ஒரே சொறிதான், குற்றவாளிதான் ஊருக்கு ஊர் மாறுகிறான். அத்திப்பட்டில் கேட்டால் காற்றில் வரும் சாம்பல் என்றார்கள். எண்ணூரில் கேட்டால் ஆத்துத் தண்ணி. மீஞ்சூரில் ஒரு மாமியார் மருமகளைக் கை காட்டினார். எங்கள் காசிமேட்டில் கேட்டால் நாய். பூச்சி என்று சொன்னால் எல்லா ஊரிலும் சிரிப்பார்கள். "கண்ணுக்கே தெரியாத பூச்சியா? ஒனக்கு மட்டும் எப்டிமா தெரிஞ்சுது?"

சாம்பிள் எடுத்த வீடுகளுக்குக் கூட வரும் டாக்டர் களிம்பு கொடுப்பார். அதைப் பூசுவது எப்படி என்ற பிரசங்கம் என் பொறுப்பு. "கழுத்துலருந்து கால் வரைக்கும் ஒரு எடம் விடக்கூடாது. அரிக்குதோ இல்லையோ, வீட்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே நாள்ல பூசணும். ஒருத்தர் விட்டாலும் திரும்ப வரும்." இதைத் தொண்டை வறள வறளச் சொல்லுவேன். ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். அரிக்கிற இடத்தில் துளி தடவிவிட்டு, மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். திருந்தாத ஜென்மங்கள் என்று மனசுக்குள் திட்டியும் இருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்குச் செருப்படி இருக்கிறது.

பொங்கல் முடிந்த வாரம் அத்திப்பட்டில் ஒரு வீடு. ஒற்றை அறை. அந்தப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. குழந்தையின் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பொரிப்பொரியாகக் கொப்புளம். இரண்டு பேரிடமும் சாம்பிள் எடுத்தாயிற்று. பாரத்தில் எழுத ஆதார் நம்பர் கேட்டேன்.

"எங்க வெச்சேன்னு தெரிலயே. யக்கா, கொஞ்சம் கொயந்தைய வெச்சுகினு இரு, தேடிட்டு வர்றேன்" என்று குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

என் கையில் கையுறை. சாம்பிள் எடுக்கும்போது எப்படித் தொட வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பக்கத்துக்கு விதி எழுதி ஒட்டியிருந்தது. நீட்டிய குழந்தையை என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குள் போனால், அங்கே கைக்குழந்தை இருந்தால், அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டுதான் உட்காருவோம். வாங்காமல் நின்றால், "இன்னா, பெரிய எடமோ?" என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ரப்பர் கையுறையோடு வாங்கினால் அதைவிடக் கேவலம், அந்தப் பெண்ணைச் செருப்பால் அடித்ததற்குச் சமம். அவள் முகத்தைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

ஆதார் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் குழந்தை என் கழுத்தில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எச்சில் ஒழுகத் தூங்கியது. நல்ல குழந்தை. இன்றைக்கும் அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மா, நான், நாய். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஏலத்தில் எடுத்து, தார்ப்பாய்க்குக் கீழே பலகையில் கூறு கட்டி வைத்துக்கொண்டு உட்காருவாள். பலகைக்குக் கீழே நாய் படுத்திருக்கும். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது, தெருவில் பிறந்தது. சங்கரா மீன் தலை என்றால் உயிரை விடும். யாராவது அநியாய விலைக்குக் கேட்டால் வாயைப் பிளந்து கொட்டாவி விடும். அம்மாதான் பழக்கினாள் என்று மார்க்கெட்டில் ஒரு பேச்சு உண்டு.

அம்மா அதற்குப் பெயர் வைக்கவில்லை. "பேமானி" என்று திட்டித்தான் கூப்பிடுவாள். "டேய் பேமானி, வா துன்னு." "பேமானி, தள்ளிப் படு." என்னிடம் பேசாத பேச்செல்லாம் அதனிடம் பேசுவாள். வஞ்சிரம் வரத்து இல்லை, முட்டி வலிக்கிறது, பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், எல்லாம் முதலில் நாய்க்குத்தான் தெரியும். நான் போய், "இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, நீ போய் ஒன் வேலயப் பாரு" என்பாள். அந்த நாயைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். சொன்னால் கேவலம்தான், இருந்தாலும் உண்மை.

மாசி மாதம் எனக்கு விரலிடுக்கில் அரிக்கத் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு, பிறகு இடுப்பு. முதல் தடவை பூச்சி ஏறினால் அரிப்பு தெரிய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். ஆனால் எனக்கு வந்தது சொறி இல்லை, கையுறை அலர்ஜி. நாள் முழுக்க ரப்பரை மாட்டிக்கொண்டு வேர்த்தால் வராதா? சொறி என்பது சாம்பிள் கொடுக்கிறவர்களுக்கு வருவது, எடுக்கிறவர்களுக்கு எப்படி வரும்? அப்படித்தான் நம்பினேன். படித்த முட்டாளுக்கு நம்புவதற்குக் காரணமா கிடைக்காது?

பங்குனியில் அம்மாவும் சொறிய ஆரம்பித்தாள். நாங்கள் ஒரே பாயில் படுக்கிறவர்கள், என் மேல் காலைத் தூக்கிப் போடாமல் அம்மாவுக்குத் தூக்கம் வராது. அதே சமயத்தில் நாய்க்கும் காது ஓரத்தில் முடி கொட்டி, முழங்காலில் தோல் தடித்து, எந்நேரமும் பின்னங்காலால் பறபறவென்று சொறிந்துகொண்டிருந்தது. மார்க்கெட் இதைப் பார்க்காமல் இருக்குமா?

மீன் விற்கிறவள் கையில் சொறி வந்தால் அதைவிடப் பேஜாரு உண்டா? வருகிறவர்கள் மீனின் செவுளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மாவின் விரலைப் பார்த்தார்கள். "கை இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார்கள். அந்த அடுத்த பலகையில் இறால் உரித்து விற்கும் அக்கா ஒருத்தி உண்டு. வாய் நீளம், மனசு சுத்தம், அம்மாவுக்குப் பல வருடச் சினேகிதி. ஒருநாள் அவளாலும் பொறுக்க முடியவில்லை. நான் அன்றைக்கு லீவு போட்டு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"யக்கா, தப்பா நெனச்சுக்காத. ஒன் கைய பாத்துட்டு எம் பலகைக்கும் எவனும் வர மாட்றான். சொறி போறவரிக்கும் எடத்த உட்டுட்டு வூட்ல இரேன்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்போது மும்முரமாக இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தேன். அம்மா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பலகைக்குக் கீழே கிடந்த நாயைக் காலால் தள்ளினாள்.

"எல்லாம் இந்தப் பேமானியால வந்துச்சு. பாரு, ஒடம்பு பூரா சொறி. கலீஜ் புடிச்ச நாயி."

மார்க்கெட்டே என்னைப் பார்த்தது, ஏனென்றால் பூச்சி ஆராய்ச்சி நான்தானே. "இன்னாமா, நாய்கிட்டருந்து வருமா?" என்று இறால் அக்கா கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மேடம் ராப்பகலாகக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இருபது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரியாது என்று சொல்ல நாக்கு வருமா? கையைக் கட்டிக்கொண்டு, நிபுணர் மூஞ்சியை வைத்துக்கொண்டு, "வர்லாம்" என்றேன்.

அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. கார்ப்பரேஷன் நாய் பிடிக்கும் வண்டிக்குச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். "வண்டியெல்லாம் வேணாம். முகத்துவாரக்குப்பத்துல எங்க அக்கா கீது, அங்க உட்டுடறேன்" என்றாள் அம்மா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாய் வாலை மிதித்துவிட்டார் என்பதற்காக ஒரு ஐஸ் வியாபாரியின் பரம்பரையையே இழுத்துத் திட்டியவள் அவள். நாய்க்காக ஒரு சண்டை, ஒரு வார்த்தை? ஒன்றும் இல்லை.

நாயை அனுப்புவதற்கு முன்னால், மேடத்துக்கு ஒரே வீட்டிலிருந்து நாய்ச் சாம்பிளும் மனிதச் சாம்பிளும் தேவைப்பட்டதால், நாயிடமிருந்து ஒரு டியூப், அம்மாவிடமிருந்து ஒரு டியூப் எடுத்தேன். அம்மா பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். நாய்க்குப் பாரம் கிடையாது, அம்மா அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, லென்சை வைத்து என் மணிக்கட்டைப் பார்த்தேன். கோடு கோடாகச் சுரங்கம். ஊசியால் கிளறினேன். முனையில் வெள்ளையாக ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டு வந்தது. ஆக, கையுறை அலர்ஜிக்கு எட்டுக் கால் இருந்தது. அதை மூன்றாவது டியூபில் போட்டேன். அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. எனக்கும் நாயிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று அதன் மேல் இன்னொரு கேஸைப் போட்டேன். நாய் போனால் பூச்சியும் தானாகப் போய்விடும் என்று சொல்லி, அம்மாவுக்கும் எனக்கும் அரிக்கிற இடத்தில் மட்டும் துளி களிம்பு தடவிவிட்டு, மிச்சத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். செருப்படி என்று சொன்னேனே, இதுதான்.

மறுநாள் காலை மீன் ஏற்றும் குட்டி யானை வண்டியில் நாயைக் கயிறு கட்டி ஏற்றினேன். அம்மா வெளியே வரவில்லை. உள்ளே ஏற்கெனவே கழுவிய அன்னக்கூடையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். நாய் வண்டியின் பின்பக்கம் நின்று எங்கள் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது. திருவொற்றியூர் தாண்டின பிறகுதான் படுத்தது. பெரியம்மா கருவாடு காயப்போடுகிறவள். "நாய்க்குக் கருவாடு காவல், கருவாட்டுக்கு நாய் காவல், உட்டுட்டுப் போ" என்றாள்.

பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. அம்மா பழக்கதோஷத்தில் சங்கராத் தலைகளை ஒரு கவரில் போட்டு எடுத்து வருவாள். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போடுவாள். ஒருநாள் பலகைக்குக் கீழே குனிந்து, "பேமானி, தள்ளிப் படு" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் நெத்திலியைக் கிளறினாளாம். இறால் அக்காதான் என்னிடம் சொன்னாள். நாய் போய்விட்டது, சொறி போகவில்லை. எங்கள் இருவருக்கும் முன்பைவிட அதிகமாக அரித்தது. மார்க்கெட்டில் மறுபடியும் முணுமுணுப்பு கிளம்பியது.

அந்தச் சமயத்தில்தான் மேடம் கூப்பிட்டார். திரையில் ஒரு படம். மீன் முள்ளை நிமிர்த்தி வைத்த மாதிரி நடுவில் ஒரு தண்டு, பக்கத்தில் கிளைகள். மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கொத்து, நடுவில் பெரிய இடைவெளி.

"பாத்தியா? மேல இருக்கறது எல்லாம் நாய். கீழ இருக்கறது எல்லாம் மனுஷங்க. நாம எடுத்த வரைக்கும் ரெண்டும் கலக்கவே இல்ல" என்று மேடம் சந்தோஷமாகச் சொன்னார். "நாய்ப் பூச்சி மனுஷன் மேல ஏறும், ரெண்டு நாள் கடிக்கும். ஆனா குடித்தனம் நடத்தற மாதிரி தெரியல."

நான் நாய்க் கொத்தில் எங்கள் காசிமேட்டு நம்பர்களைத் தேடினேன்.

"ஆனா ஒரு குழப்பம்" என்றார் மேடம். "காசிமேட்டுல மூணு டியூப் எடுத்தியே. நாய் ஒழுங்கா நாய்க் கொத்துல உட்கார்ந்திருக்கு. மத்த ரெண்டும் அத்திப்பட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கு. அங்க ஒரு கைக்குழந்தையோட பூச்சியில ரெண்டு எழுத்து மாறியிருந்துச்சு, அந்த வீட்டத் தவிர வேற எங்கயும் நான் பாக்கல. அதே ரெண்டு எழுத்து இங்கயும் மாறியிருக்கு. டியூப மாத்தி வெச்சுட்டியா?"

நான் மணிக்கட்டைச் சொறிந்தேன். மேடம் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க சொறியைப் படித்த மனுஷி!

"அந்தக் குழந்தையத் தூக்குனியா?"

"அவங்க ஆதார் தேடப் போனாங்க மேடம்."

மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். இதை மட்டும் வைத்து யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்ய முடியாது என்றும், ஆனால் குழந்தையை வைத்திருந்த நாளையும் அரிப்பு வந்த நாளையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகப்பட வேறு ஆள் இல்லை என்றும் சொன்னார். என்னையும் அம்மாவையும் டாக்டரிடம் காட்டச் சொல்லி, அந்த அத்திப்பட்டு வீட்டில் எல்லோரும் ஒழுங்காக மருந்து பூசினார்களா என்று மறுபடி விசாரிக்கச் சொன்னார். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார், புதுக் களிம்பு கொடுத்தார், நான் ஊருக்குச் செய்யும் அதே பிரசங்கத்தை எனக்கே ஒரு சொல் பிசகாமல் செய்தார்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். நல்ல கூட்ட நேரம். நாய் மேல் பழியைப் பொதுவில் போட்டேன், பொதுவில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வேகம். அம்மாவின் பலகை முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன். "நாய் மேல ஒரு தப்பும் இல்ல. அதோட பூச்சி வேற, எங்க பூச்சி வேற. அத்திப்பட்டுல ஒரு கொயந்தைய தூக்கி வெச்சுகினு இருந்தேன். சொறிய வூட்டுக்குக் கொண்டாந்தது நான்தான்."

இறால் அக்காதான் ஆரம்பித்தாள். "பூச்சி புடிக்கப் போன பொண்ண பூச்சி புடிச்சுகிச்சு டோய்!" அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை சிரிப்பு. நண்டு விற்கும் அண்ணன் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப அந்த நாயி நெரபராதியா? அய்ய, பாவம், அத்த நாடு கடத்திட்டோமே!" என்று இறால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மீன் மேல் கோணியை இழுத்து மூடினாள். "வண்டி கூப்புடு" என்றாள்.

குட்டி யானையில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி ஊர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா மூஞ்ச தூக்கி வெச்சுகினு கீற? நாய் மேல தப்பு இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டேன். சந்தோசம் இல்லையா?"

"ஒன்ன யார்றி சொல்லச் சொன்னா?"

"உண்மை அதானேம்மா. எனக்கே நேத்துதான் தெரியும்."

"ஒனக்கு நேத்து தெரியும்" என்றாள் அம்மா, லாரியைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு மாசி மாசமே தெரியும். நீதான் மொதல்ல சொறிஞ்ச. அப்போ எனக்கும் ஒண்ணும் இல்ல, நாய்க்கும் ஒரு முடி கொட்டல. பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? போன எடத்துல எத்தயோ வாங்கினு வந்துட்டன்னு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் நாய சொன்ன?"

"பின்ன ஒன்ன சொல்லச் சொல்றியா? எம் பொண்ணு பூச்சி ஆராய்ச்சி, பூச்சி ஆராய்ச்சின்னு மார்க்கெட் பூரா பீத்திகினு கீறேன். அவளே இஸ்துகினு வந்துட்டான்னு தெரிஞ்சா எவ மதிப்பா ஒன்ன? நாய்க்கு இன்னா, மானமா போவப் போவுது?"

டிரைவர் ரேடியோவைக் குறைத்துவிட்டார். அன்றைக்கு மார்க்கெட்டில் அவள் என்னைப் பார்த்த பார்வையும், பலகைக்குக் கீழே காலால் தள்ளியதும் அப்போதுதான் விளங்கின. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பேச்சுத்துணை. அதை என் பேருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். நானோ பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "வர்லாம்" என்று சொல்லியிருக்கிறேன். அவமானத்தில் எனக்கு உடம்பு எரிந்தது. அத்தனை நாள் அரித்த அரிப்பெல்லாம் இந்த எரிச்சலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முகத்துவாரக்குப்பத்தில் பெரியம்மா வீட்டு முன்னால் மணலில் காரப்பொடி மீன் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் கட்டப்பட்டு நாய். பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. காதில் புது முடி முளைத்து, தோல் மினுமினுவென்று, கொஞ்சம் தொப்பைகூடப் போட்டிருந்தது. தண்டனை வாங்கினவர் ஜம்மென்று இருந்தார், குற்றவாளிகள் இருவரும் சொறிந்துகொண்டு நின்றோம்.

நாங்கள் நாயை நோக்கி இரண்டடி வைத்ததும் பெரியம்மா தென்னந்துடைப்பத்தோடு குறுக்கே வந்தாள். "அங்கியே நில்லுங்க! எறா விக்கறவ போன்ல சொல்ட்டா. சொறி ஒங்க ரெண்டு பேருக்குந்தானாமே? மாட்டு டாக்டருகிட்ட இஸ்துகினு போயி ஊசி போட்டு இப்பதான் நாயி ஒயுங்கா ஆயிகீது. மருந்து பூசிகினு வாங்க, அப்பால நாய தொடுங்க."

மனிதப் பூச்சி நாய் மேல் குடித்தனம் நடத்துவதாகத் தெரியவில்லை, திரையிலேயே இரண்டு கொத்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. சொல்லலாம் என்று நிபுணர் மூஞ்சியோடு வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அம்மா வாதாடவில்லை. நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். நாய் அவளைப் பார்த்து ஒரு மாதிரி முனகியது, கயிற்றை இழுத்தது. நாற்காலி சாய்ந்தது. அவ்வளவுதான், கருவாட்டின் மேலேயே நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. "ஐயோ எங் காரப்பொடி!" என்று பெரியம்மா கத்தினாள். அம்மா சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள். தன் கை அதன் மேல் பட்டுவிடக் கூடாதாம். நாய்க்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மடியில் ஏறி, தோளில் காலை வைத்து, அவள் முகவாயை நக்கியது.

"பொண்ணுக்கோசரம் ஒம்மேல பழிய போட்டுட்டேன்டா நைனா" என்றாள் அம்மா. கையை வெளியே எடுக்காமலேயே அழுதாள். அவள் அதைப் பேமானி என்று கூப்பிடாமல் நான் கேட்டது அன்றுதான்.

நான் கயிற்றை நாற்காலியிலிருந்து அவிழ்த்துவிட்டு, சிதறின காரப்பொடியைப் பொறுக்கினேன். பெரியம்மா எங்கள் இருவரையும் பின்னால் இருந்த குளியலறைக்குத் துரத்தினாள். டாக்டர் கொடுத்து இன்னும் பிரிக்காமல் பையில் இருந்த புதுக் களிம்பை எடுத்தேன். கழுத்திலிருந்து கால் வரை, அரிக்கிற இடம், அரிக்காத இடம், ஒன்று விடவில்லை. கை எட்டாத முதுகுக்கு அவளுக்கு நானும் எனக்கு அவளும் பூசினோம். வெளியே நாய் தகரக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. என் முதுகில் தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "பத்து நாளா வஞ்சிரம் வரத்தே இல்லடி. முட்டி வேற ஓயாம வலிக்குது."